தவறிய பந்து யாருக்கு?



இன்று உங்களோடு விளையாட்டைப் பற்றிச் சற்று நேரம் பேசலாம் என்றிருக்கிறேன். விளையாட்டு என்றதும் நம் தோட்டங்களில் காற்பந்துதான் நினைவுக்கு வரும். வேலை முடிந்து, குளித்து, தேநீர் குடித்துவிட்டுத் திடலில் கூடுவது நம்மவர்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் நான் பேசப்போவது கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி. "அது பனைமரம் போல் வளர்ந்தவர்கள் ஆடும் ஆட்டமாயிற்றே, வாத்தியாரே! நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அதுவும் நம் பிள்ளைகளை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பதோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஓர் ஆசிரியர். கனடாவில் பிறந்தவர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வெளியே குளிர் வாட்டிய வேளையில், மாணவர்கள் கூரையின் கீழ் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று இதை அமைத்தார். பழம் வைக்கும் கூடைகள் இரண்டை எடுத்து, பத்தடி உயரத்தில் மாட்டினார். பந்து கூடைக்குள் விழுந்தால், ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இன்றுவரை அதற்குக் கூடைப்பந்து என்று பெயர். பழக்கூடை போய் இரும்பு வளையம் வந்தது. வளையத்தின் பின்னால் பலகை வந்தது. பத்தடி உயரம் மட்டும் மாறவில்லை.

இன்று ஓர் அணிக்கு ஐந்து பேர் களத்தில் இறங்குகிறார்கள். இருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்கள். மற்ற மூவர் பெரும்பாலும் கூடைக்கு அருகில் நின்று போராடுபவர்கள். அவர்களை முன்வரிசை ஆட்டக்காரர்கள் என்று சொல்லலாம். அருகிலிருந்து பந்தைக் கூடையில் போட்டால் 2 புள்ளி. தொலைவில் வரைந்திருக்கும் வளைகோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி. எதிரணியினர் தவறிழைத்ததற்காகக் கிடைக்கும் தனி எறிதல் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகத்திலேயே மிகத் திறமையான ஆட்டக்காரர்கள் அமெரிக்காவின் என்பிஏ என்னும் தொழில்முறைப் போட்டியில் ஆடுகிறார்கள். அவர்கள் நூறு முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தால், எத்தனை முறை உள்ளே போகும் என்று நினைக்கிறீர்கள்? தொண்ணூறு? எண்பது? இல்லை. தனி எறிதல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ நாற்பத்தைந்து, நாற்பத்தேழு முறைதான். பாதிக்கு மேல் தவறிவிடுகிறது! வளையத்தில் பட்டும் பலகையில் மோதியும் பந்து வெளியே தெறிக்கிறது. அப்படித் தெறித்து வரும் பந்தை ஆங்கிலத்தில் ரீபவுண்ட் என்பார்கள். நாம் திரும்பு பந்து என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் திரும்பு பந்து யாருக்குச் சொந்தம்? யாருக்கும் சொந்தமில்லை. யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. எறிந்த அணியே மீண்டும் எடுத்துவிட்டால், கைவிட்டுப்போன வாய்ப்பு இன்னொரு முறை வாசலுக்கு வந்து நிற்கிறது. எதிரணி எடுத்துவிட்டால், அத்தோடு அந்தக் கதை முடிந்தது. சாதாரணமாக, நான்கு பந்துகள் தவறினால் மூன்று காப்பவர் கைக்கும் ஒன்று எறிந்தவர் கைக்கும் போகும். ஓர் அணி இந்தக் கணக்கில் சற்றுப் பின்தங்கினாலும், எவ்வளவு அழகாக எறியத் தெரிந்தாலும், ஆட்டம் கையைவிட்டு நழுவத் தொடங்கிவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலை வெட்டுபவர் நீண்ட கம்பத்தில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து பார்த்து, குலையை வெட்டிச் சாய்க்கிறார். அதைப் பார்க்கவே கம்பீரமாக இருக்கும். குலை தொப்பென்று விழும்போது பழுத்த பழங்கள் சிதறி ஓடுகின்றன. அந்த உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்குபவரை யார் நின்று பார்க்கிறார்கள்? ஆனால் நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் மிகுதி. பொறுக்காமல் விட்டால் எண்ணெய் நட்டம் மட்டுமா? அது மரத்தடியில் முளைத்துக் களையாகவும் வந்து நிற்கும். கூடைப்பந்தில் எடுக்காமல் விட்ட திரும்பு பந்தும் அப்படித்தான். அது எதிரணியின் கையில் புள்ளியாக முளைத்துவிடும்.

நேயர்களே, இதற்கு உண்மையில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தென்கோடியில் மயாமி என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்நகரின் அணிக்கு மயாமி ஹீட் என்று பெயர். 2012ஆம் ஆண்டு அவர்கள் என்பிஏ வெற்றிக் கோப்பையை வென்றார்கள். அந்த அணியில் லெப்ரான் ஜேம்ஸ், ட்வைன் வேட், கிறிஸ் போஷ் என்று மூன்று பெரிய ஆட்டக்காரர்கள். அடுத்த பருவத்தில் மொத்தம் 82 ஆட்டங்களில் 66 ஆட்டங்களை வென்றார்கள். அதிலும் 2013 பிப்ரவரி தொடங்கி மார்ச் வரையில் தொடர்ச்சியாக 27 ஆட்டங்கள் வெற்றி! ஆனால் இவ்வளவு வலிமை வாய்ந்த அணிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. திரும்பு பந்தை எடுப்பதில், 30 அணிகளில் அவர்கள் முப்பதாவது இடம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 38.6 பந்துகள் மட்டுமே. அதாவது கடைசி.

ஏன் அப்படி? காரணம் இருந்தது. அவர்களின் பயிற்றுநர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, வேகமாகவும் தொலைவிலிருந்தும் ஆட வேண்டும் என்பதற்காக, கூடையருகே பெரிய உடம்புக்காரர்களைக் குறைத்துக்கொண்டார். போஷ் 6 அடி 11 அங்குலம் உயரம். ஆனால் மெலிந்த உடம்பு. பக்கவாட்டு முன்வரிசையில் ஆடிப் பழகியவர். அவரை நடுவில் நிறுத்தினார்கள். அவருக்குத் துணையாகப் பல ஆட்டங்களில் ஷேன் பேட்டியர் என்பவர் தம்மைவிடக் கனத்த ஆட்களோடு மல்லுக்கு நின்றார். "இவர்கள் மென்மையானவர்கள். முன்வரிசையில் முரட்டுத்தனம் போதாது" என்று பேசாதவர்கள் இல்லை. குறிப்பாகப் போஷுக்கு அந்தப் பழி ஒட்டிக்கொண்டது. நடுப்பருவத்தில், 2013 ஜனவரியில், கிறிஸ் ஆண்டர்சன் என்னும் மூத்த ஆட்டக்காரரை, துள்ளிக் குதித்துப் போராடக்கூடியவரை, சேர்த்துக்கொண்டார்கள். குறை ஓரளவு மறைந்ததே தவிர, தீர்ந்துவிடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணைப் பார்த்து உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பருவத்தில் மயாமி அணியினர் எறிந்த பந்துகளில் 49.6 விழுக்காடு கூடைக்குள் போயின. வேறெந்த அணியும் அவ்வளவு துல்லியமாக எறியவில்லை. எறிந்தது உள்ளே போய்விட்டால், திரும்பி வர அங்கே பந்து ஏது? ஆகவே கடைசி இடம் என்பதில் ஒரு பங்கு அவர்களின் திறமையாலும் வந்தது. மாணவனின் மதிப்பெண் அட்டையைப் பார்க்கும்போதும் இந்த நிதானம் நமக்கு வேண்டும். எண் பொய் சொல்லாது. ஆனால் முழுக் கதையையும் அது சொல்லிவிடாது.

என்றாலும் குறை குறைதான். நல்ல காலத்தில் மறைந்திருக்கும் குறை, சோதனைக் காலத்தில் வெளியே வரும். இறுதிச் சுற்றுக்கு முந்திய சுற்றில் மயாமி அணி, இந்தியானா பேசர்ஸ் என்னும் அணியைச் சந்தித்தது. ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர் முன்னேறலாம். இந்தியானா அணியில் ராய் ஹிப்பர்ட் என்று ஒருவர். 7 அடி 2 அங்குலம் உயரம். அவருக்குப் பக்கத்தில் டேவிட் வெஸ்ட் என்று பாறை போன்ற ஒருவர். இந்த இருவரும் கூடையடியைத் தங்கள் வீட்டு முற்றம் போல் ஆக்கிக்கொண்டார்கள். ஆறாவது ஆட்டத்தில் இந்தியானா 91க்கு 77 என்று வென்றது. திரும்பு பந்துகளில் மயாமியினரை அன்று அவர்கள் வாட்டி எடுத்துவிட்டார்கள். ஏழாவது ஆட்டம்வரை இழுபறியாகி, ஜூன் 3ஆம் நாள் 99க்கு 76 என்று வென்றுதான் மயாமி தப்பியது.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றது சான் அந்தோனியோ ஸ்பர்ஸ். அந்த அணியின் தூண் டிம் டங்கன், 37 வயது, 6 அடி 11 அங்குலம் உயரம், திரும்பு பந்து எடுப்பதில் பழுத்த அனுபவசாலி. ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது சான் அந்தோனியோ 3, மயாமி 2. இன்னும் ஒன்றை வென்றால் கோப்பை அவர்களுக்கு. 2013 ஜூன் 18ஆம் நாள் ஆறாவது ஆட்டம் மயாமியில் நடந்தது. டங்கன் அன்று 30 புள்ளிகளும் 17 திரும்பு பந்துகளும் எடுத்தார். ஆட்டம் முடிய 28 விநாடிகள் இருக்கும்போது சான் அந்தோனியோ 94, மயாமி 89. கோப்பை வழங்குவதற்காகத் திடலைச் சுற்றி மஞ்சள் கயிற்றைக்கூடக் கொண்டுவந்துவிட்டார்கள். மயாமி ரசிகர்களில் பலர் மனமுடைந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அப்போது லெப்ரான் தொலைவிலிருந்து எறிந்தார். தவறியது. ஆனால் திரும்பு பந்து மயாமி கைக்கே வந்தது. மீண்டும் எறிந்தார், உள்ளே போனது. 94க்கு 92. பிறகு சான் அந்தோனியோவுக்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைத்தன. இளைஞர் கவாய் லெனர்ட் ஒன்றைத் தவறவிட்டு, ஒன்றைப் போட்டார். 95க்கு 92. மயாமி பந்தைக் கொண்டுவந்தது. லெப்ரான் மீண்டும் எறிந்தார். மீண்டும் தவறியது!

இந்த இடத்தில்தான் நேயர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். மயாமியின் மூன்று புள்ளி எறிதலைத் தடுக்க வேண்டும் என்பதற்காக, வேகமாக ஓடக்கூடியவர்களைக் களத்தில் வைத்துக்கொண்டு, சான் அந்தோனியோ பயிற்றுநர் டங்கனை வெளியே உட்கார வைத்திருந்தார். அந்த முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பந்து தவறித் திரும்பியபோது, அதை எடுக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. கூட்டத்துக்கு நடுவே எழும்பி இரு கைகளாலும் அதைப் பற்றியவர் யார் தெரியுமா? மென்மையானவர் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த கிறிஸ் போஷ்! பற்றியவர் தாமே எறிய முற்படவில்லை. மூலையை நோக்கிப் பின்னடி வைத்துக்கொண்டிருந்த ரே ஆலனைக் கண்டு பந்தைக் கொடுத்தார். ஆலன் எறிந்தார். 5.2 விநாடிகள் மிச்சமிருக்க, பந்து கூடைக்குள். 95க்கு 95!

கூடுதல் நேரத்தில் மயாமி 103க்கு 100 என்று வென்றது. எதிரணியின் கடைசி எறிதலைத் தடுத்துத் தட்டிவிட்டவரும் அதே போஷ்தான். இரண்டு நாள் கழித்து, ஜூன் 20ஆம் நாள், ஏழாவது ஆட்டம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் மயாமி இரண்டே புள்ளிகள் முன்னால். டங்கன் கூடைக்கு மிக அருகில் பந்தோடு வந்துவிட்டார். எதிரே நின்றவர் பேட்டியர்; அவரைவிடக் குள்ளமானவர். டங்கன் எறிந்தது தவறியது. திரும்பிய பந்தைத் தட்டி உள்ளே போட முயன்றார், அதுவும் தவறியது. அந்த மாபெரும் ஆட்டக்காரர் வேதனை தாங்காமல் குனிந்து தரையை அறைந்தார். மயாமி 95க்கு 88 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

அன்றைய படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் பாராட்டுவது ரே ஆலன் எறிந்த எறிதலை. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கடைசி அரை நிமிடத்தில் கைக்கு மீண்டு வந்த இரண்டு திரும்பு பந்துகள் இல்லாவிட்டால், அந்த எறிதலும் இல்லை; அந்தக் கோப்பையும் இல்லை. பருவம் முழுவதும் எந்த வேலையில் கடைசி என்று பெயர் வாங்கினார்களோ, அந்த வேலைதான் அவர்களைக் காப்பாற்றியது.

அப்படியானால் முரட்டுத்தனம் என்றால் என்ன? உடம்பைப் பெருக்கிக்கொண்டு இடித்துத் தள்ளுவதா? இல்லை. இடித்தால் நடுவர் ஊதிவிடுவார். முன்வரிசையின் உண்மையான உறுதி, தான் நிற்க வேண்டிய இடத்தில் விடாமல் நிற்பது. பந்து மேலே போனதும் எல்லோரும் வாயைப் பிளந்து அதையே பார்ப்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் அப்படிச் செய்யமாட்டார். முதலில் தன் அருகில் இருக்கும் எதிரணிக்காரரைத் தேடுவார். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கால்களை அகல வைத்து, முழங்காலை மடக்கி, அவர் கூடைப் பக்கம் வராதபடி தன் உடம்பால் வழியை அடைத்துக்கொள்வார். அதன் பிறகுதான் பந்தைப் பார்ப்பார். பந்து வந்ததும் எழும்பி, இரண்டு கைகளாலும் பற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவார். இதை ஆங்கிலத்தில் பாக்ஸ் அவுட் என்கிறார்கள். இதில் உயரத்தைவிட இடம் முக்கியம். பலத்தைவிடப் பழக்கம் முக்கியம்.

டென்னிஸ் ராட்மன் என்று ஒருவர் இருந்தார். 6 அடி 7 அங்குலம். அந்த உலகத்தில் அது பெரிய உயரமல்ல. இளமையில் விமான நிலையம் ஒன்றில் இரவு நேரத்தில் துப்புரவு வேலை செய்தவர். அவர் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து 7 பருவங்களில், திரும்பு பந்து எடுப்பதில் என்பிஏயிலேயே முதலிடம் பெற்றார். எப்படி? தம் அணியினர் பயிற்சி செய்யும்போது ஓரமாக நின்று, யாருடைய பந்து எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று உற்றுப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பொதுவாக, ஒரு பக்கத்திலிருந்து எறிந்து தவறிய பந்து மறுபக்கம் தெறிப்பதுதான் அதிகம். தொலைவிலிருந்து எறிந்தது தொலைவாகத் தெறிக்கும். கூர்ந்து பார்ப்பவனுக்கு இதெல்லாம் பாடம்.

அவருக்கு முன்னால் பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடி, 11 முறை வெற்றிக் கோப்பையை வென்றவர். ஓர் ஆட்டத்துக்கு அவர் எடுத்த புள்ளிகள் சராசரி 15 தான். எடுத்த திரும்பு பந்துகளோ சராசரி 22க்கும் மேல். அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவரளவு கோப்பை வென்றவர் எவருமில்லை. இன்னொரு செய்தியும் கேளுங்கள். 1950ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்துக்கு முன்பு வரை, என்பிஏயில் திரும்பு பந்தை யாரும் கணக்கெடுத்து எழுதி வைக்கவில்லை. எடுத்தவர்கள் இருந்தார்கள், எழுத ஏடுதான் இல்லை.

நேயர்களே, இவ்வளவும் சொன்ன நான் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு கூடைப்பந்துக் குழு அமைத்தேன். பள்ளியில் தளம் கிடையாது. பக்கத்துப் பட்டணத்துச் சீனப்பள்ளியில் சனிக்கிழமைதோறும் தளத்தைப் பயன்படுத்த அனுமதித்தார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் ஓரளவு ஆடியவன். அந்தத் துணிச்சலில் உயரமான பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்தேன். எண்ணிக்கைக்காக ஒரு குட்டைப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டேன். முதல் போட்டியில் தோற்றோம். அந்தக் குட்டைப் பிள்ளை ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அடுத்த போட்டிக்கு அவளை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் உயரமான ஒருத்தியைப் போட்டேன். முன்பைவிடப் படுதோல்வி.

ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, எதிரணிக்குப் பயிற்சி கொடுத்த சீன ஆசிரியர் என்னைக் கேட்டார்: "போன தடவை வந்த சின்னப் பெண் எங்கே? அவள் இருந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவது பந்து கிடைக்கவே இல்லை. இன்று தாராளமாகக் கிடைத்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரணி ஆசிரியர் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை! நான் புள்ளியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நினைத்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே அந்தப் பிள்ளை, பந்து மேலே போகும்போதெல்லாம் தன்னைவிடப் பெரிய பிள்ளையின் முன்னால் போய்க் குறுக்கே நின்றிருக்கிறாள். பந்து அவள் கைக்கு வராவிட்டாலும், எதிரணியின் கைக்கும் போகாமல் தடுத்திருக்கிறாள். அதற்குக் கணக்கேட்டில் பத்தி இல்லை.

மறுநாள் மாலை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவள் தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "போடத் தெரியாத புள்ளன்னுதானே நிறுத்திட்டீங்க, வாத்தியாரே? ரெண்டு நாளா சோறு சரியா திங்கல," என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

"தப்பு என்னுதும்மா. போடறது மட்டுந்தான் ஆட்டம்னு நான் நெனச்சிட்டேன். உங்க மக செஞ்ச வேல என் கண்ணுல படல," என்றேன். திரும்பு பந்து என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். "உதிரி பொறுக்கற வேலதானே, வாத்தியாரே? அது எங்க வீட்டு வேல. அவளுக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்றார்.

பிள்ளை மறு சனிக்கிழமை வந்தாள். அன்று முதல் என் குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டேன். யார் எத்தனை திரும்பு பந்து எடுத்தார்கள், யார் எத்தனை முறை வழியை அடைத்து நின்றார்கள் என்று எழுதினேன். ஆட்டம் முடிந்ததும் புள்ளிகளைப் படிப்பதற்கு முன்னால் அந்தப் பத்தியைப் படித்தேன். ஒரு மாதத்துக்குள் உயரமான பிள்ளைகளும் அவளிடம் வந்து, எப்படி நிற்பது என்று கேட்கத் தொடங்கினார்கள். நாங்கள் கோப்பை எதுவும் வெல்லவில்லை. பொய் சொல்ல மாட்டேன். சிலவற்றில் வென்றோம், சிலவற்றில் தோற்றோம். ஆனால் தவறிய பந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்று தோற்கவில்லை.

பெற்றோர்களே, தளமும் வளையமும் இல்லாமலேயே இந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் செய்யலாம். ஒருவர் பந்தைச் சுவரில் எறியட்டும். இருவர் சுவரைப் பார்த்து நிற்கட்டும். பந்து கையைவிட்டுக் கிளம்பியதும், முன்னால் நிற்பவர் திரும்பி, பின்னால் இருப்பவரைத் தேடி, கையால் தள்ளாமல் உடம்பால் மட்டும் வழியை அடைக்க வேண்டும். பந்து தரையில் இரண்டு முறை தட்டும்வரை அவரைத் தாண்ட விடாமல் நின்றுவிட்டால் வெற்றி. பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். பத்து நிமிடம் போதும். பழைய ரப்பர் பந்தே போதும். முழங்கையால் இடிக்கக் கூடாது, காலைத் தட்டிவிடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஆடிவிட்டு வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை போட்டே?" என்பதுதான். "ஒன்றும் போடவில்லை" என்று சொல்ல வேண்டிய பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. நாலு தடவை குனிந்த தலை ஐந்தாவது தடவை திடலுக்கே போகாது. ஆட்டத்தில் மட்டுமல்ல, படிப்பிலும் அப்படித்தான். முதல் மதிப்பெண் வாங்காத பிள்ளை, ஆனால் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை; கேள்விக்கு முந்திக்கொண்டு கையைத் தூக்காத பிள்ளை, ஆனால் விட்ட கணக்கை மறுநாளும் போட்டுப் பார்க்கும் பிள்ளை. இவர்கள் எல்லாரும் திரும்பு பந்து எடுப்பவர்கள். நம் கண்ணில் படாததால் அவர்களை "உறுதி போதாதவர்கள்" என்று சொல்லிவிடுகிறோம்.

நாளை முதல் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்குத் தவறிப்போனதில் எதை மீட்டு எடுத்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு கணம் யோசிக்கும். யோசித்து ஒன்றைச் சொல்லும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவ்வளவுதான்.